கறுப்பு மெஷின் இருக்கிற வீடு

அம்பத்தூர்
18.2.1996

லோகாவுக்கு,

அண்ணன் குணசேகரன் எழுதுவது. நலம், நலமறிய ஆவல் என்று ஆரம்பிக்க எனக்குக் கை வரவில்லை. நீ நலமாகத்தான் இருக்கிறாய் என்று பூந்தமல்லிப் பக்கம் போய்வந்த நம் பையன்களே சொல்லிவிட்டார்கள். சென்னீர்குப்பத்தில் ஹைவே மேலேயே வீடியோ கேம் கடை. வாசலில் சைக்கிள் நிறுத்த இடமில்லாத கூட்டம். உள்ளே நாலு கறுப்பு மெஷின். உனக்கு என்ன குறைச்சல்?

குறைச்சல் எல்லாம் அம்மாவுக்குத்தான். பெண்ணுக்கு ஏழாம் மாசம் நடக்கிறதே, அழைத்து வந்து வளையல் போட்டு வைத்துக்கொள்ள வேண்டாமா என்று காலையில் அடுப்பு பற்றவைக்கும்போது ஆரம்பிக்கிறாள். படுக்கிற வரைக்கும் அதே பேச்சு. அழைக்க வேண்டியவன் அண்ணன். அந்த அண்ணன் எரிகிற கற்பூரத்தைக் கையால் அணைத்துச் சத்தியம் செய்திருக்கிறான். நீயும் அங்கேதானே நின்றுகொண்டிருந்தாய்.

நானும் ஜம்புலிங்கமும் ஒரே கம்பெனியில் பக்கத்துப் பக்கத்து லேத்தில் நின்றவர்கள். கம்பெனியை மூடியதும் ரெண்டு வெள்ளை மெஷினை வாங்கி எஸ்டேட் பஸ் ஸ்டாப்பில் வீடியோ கேம் கடை போட்டோம். சிநேகிதன் என்று நம்பித்தான் உன்னையும் கொடுத்தேன். மூணாம் மாசம் அவன் பர்மா பஜாரிலிருந்து அந்தக் கறுப்புச் சனியனைத் தூக்கி வந்து, அத்தனை பையன்கள் எதிரிலும் என்ன சொன்னான்? "மச்சான், ஒன் வெள்ள மெஷின்லாம் கொயந்தைங்க பொம்ம. தூக்கிப் பரண்ல போடு." அம்பத்தூருக்கே விளையாடக் கற்றுக் கொடுத்தது அந்தப் பொம்மைதான். அன்றைக்குத்தான் சொன்னேன், கறுப்பு மெஷின் இருக்கிற வீட்டில் கால் வைக்க மாட்டேன் என்று. ஒரு வருஷமாகியும் அந்த வார்த்தையிலிருந்து நான் இறங்கவில்லை.

சரி, நான் வரவில்லை. நீ ஏன் வரவில்லை? பொங்கலுக்கு வரவில்லை, அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் நடந்தபோதும் வரவில்லை. கறுப்புக் கட்சிக்காரனைக் கட்டிக்கொண்டதும் நீயும் கட்சி மாறிவிட்டாயா?

இன்னொரு சங்கதி. நம் கடைப் பையன் துலுக்கானம் போன வாரம் அங்கே வந்து ஆடித் தோற்றுவிட்டு வந்து சோறு இறங்காமல் கிடக்கிறான். யாரோ மாஸ்டராமே? கடைக்குள் அடித்திருக்கிற பலகைத் தடுப்புக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து ஆடுவானாம். ஓட்டை வழியாக ஒயர் மட்டும்தான் வருமாம். முகத்தையே காட்ட மாட்டானாம், ஒரு வருஷமாகத் தோற்றதும் இல்லையாம். ஜம்பு இவனை எந்த ஊரிலிருந்து பிடித்து வந்தான்?

கோபத்தோடு,
குணசேகரன்


சென்னீர்குப்பம்
26.2.1996

அண்ணனுக்கு,

உன் கடிதத்தை முதலில் பிரித்தது உன் மச்சான்தான். சாப்பிட்டுக்கொண்டே முழுசாகப் படித்தார். கறுப்புச் சனியன் என்ற இடத்தில் சிரித்தார். பிறகுதான் என் கைக்கு வந்தது, மூலையில் குழம்புக் கறையோடு. இனிமேல் இந்த விலாசத்துக்கு எழுதாதே. பக்கத்து வீட்டில் பேபி அக்கா தையல் மெஷின் வைத்திருக்கிறாள். அவள் பேருக்கு எழுது. ரவிக்கை அளவு கொடுக்க வருகிற சாக்கில் கொண்டுவந்து தருவாள்.

என்ன குறைச்சல் என்று கேட்டாய். சொல்கிறேன், கேட்டுக்கொள். ஹைவே மேல் வீடு என்றாயே, அந்த ஹைவேயை நான் கடைசியாகப் பார்த்தது தீபாவளிக்கு. லாரிச் சத்தம் மட்டும்தான் கேட்கிறது. முன்பக்கம் கடை, பின்பக்கம் வீடு, நடுவில் பிளைவுட் பலகை. பின்பக்கத்துக்கு இருப்பது ஒரே ஒரு ஜன்னல். அதைத் திறந்தால் லாரி ஷெட்டின் சுவர். காலையில் பத்திலிருந்து ஒன்று வரைக்கும், சாயந்திரம் நாலிலிருந்து ஒன்பது வரைக்கும் என்னால் உட்கார்ந்த இடத்தைவிட்டு எழுந்திருக்க முடியாது. வேலை. என்ன வேலை என்று கேட்காதே. நடுவில் ஷட்டர் இறங்குகிற மூணு மணி நேரத்தில்தான் சமையல், துணி, எல்லாம். இந்தக் கடிதமும் அப்போதுதான் எழுதுகிறேன்.

அவர் கெட்டவர் இல்லை. கை நீட்டியது கிடையாது. வாய்க்குப் பிடிக்கவில்லை என்று சொன்னால் பூந்தமல்லி மார்க்கெட் முழுக்க அலைந்து மாங்காய் வாங்கி வருகிறார். அம்மா வீட்டுக்குப் போகிறேன் என்றால் மட்டும், "கடைய வுட்டுட்டு எப்டி போவே?" என்கிறார். பிரசவத்துக்கு இங்கேயே ஒரு ஆயா இருக்கிறாளாம், கைராசிக்காரியாம். கடைக்கும் நான் போவதற்கும் என்ன சம்பந்தம் என்று நீ கேட்பாய். அதையும் கேட்காதே.

நானாகப் பஸ் ஏறி வந்துவிடலாம். பூந்தமல்லியில் ஒரு பஸ், ஆவடியில் ஒரு பஸ். ஆனால் பிறந்த வீட்டுக்காரர்கள் வந்து அழைக்காமல் வயிற்றைத் தள்ளிக்கொண்டு தனியாக வந்து நின்றால், புருஷனோடு சண்டை போட்டுக்கொண்டு வந்துவிட்டாள் என்பார்கள். அப்புறம் திரும்பிப் போகவும் முடியாது, இருக்கவும் முடியாது.

எனக்குப் பயமாக இருக்கிறது அண்ணா. முதல் பிரசவம். அம்மா பக்கத்தில் வேண்டும். உன் கற்பூரம் பெரிசா, நான் பெரிசா என்று இந்தக் கடிதத்தைப் படித்த பிறகாவது யோசி.

லோகநாயகி


அம்பத்தூர்
5.3.1996

அன்புள்ள லோகாவுக்கு,

உன் கடிதத்தை அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். பாதியில் நிறுத்தச் சொல்லிவிட்டாள். அதற்கப்புறம் ரெண்டு நாள் என்னோடு பேசவில்லை.

துலுக்கானத்தை உன் புருஷனிடம் தூது அனுப்பினேன். வீட்டுக்குள் வர மாட்டேன், தெருவில் நின்றே அழைத்துக்கொண்டு போகிறேன், அனுப்பு என்று சொல்லச் சொன்னேன். அதற்கு உன் புருஷன் சொன்ன பதிலைத் துலுக்கானம் அப்படியே ஒப்பித்தான். "மாஸ்டர ஒரே ஒரு தபா ஜெயிச்சுட்டு ஒன் தங்கச்சிய இட்டுகினு போ மச்சான். தோத்துட்டா அம்பத்தூர் கடைலயும் கறுப்பு மெஷினத்தான் வைக்கணும்." அவன் கடை ஆட்கள், நம் பையன்கள், ரெண்டு கட்சியும் சாட்சி. இந்த மாசம் முப்பத்தொண்ணாம் தேதி, ஞாயிற்றுக்கிழமை, சாயந்திரம்.

ஒத்துக்கொண்டேன். பெண்டாட்டியைப் பந்தயத்தில் வைக்கிறவன் எந்தக் காலத்து மனுஷன் என்று பொறுமிக்கொண்டேதான் ஒத்துக்கொண்டேன். படி ஏற மாட்டேன் என்று மட்டும் சொல்லியனுப்பியிருக்கிறேன். டிவியைத் தெருப்பக்கம் திருப்பி, ஒயரை நீட்டிக் கொடுத்தால் ரோட்டில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து ஆடுவேன்.

இப்போது ஒரு ரகசியம். அம்மாவுக்குக்கூடத் தெரியாது. மூணு நாளாக ஆவடி குவார்ட்டர்ஸில் வேம்புலி வீட்டுக்குப் போய்க் கறுப்பு மெஷினில் கற்றுக்கொள்கிறேன். யாராவது பார்த்துவிட்டால் மானம் போய்விடும் என்று தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு போகிறேன். கள்ளுக்கடைக்குப் போகிறவன்கூட இவ்வளவு பயப்பட மாட்டான். நம் மெஷினில் ரெண்டே பட்டன், இதில் மூணு. அந்த மூணாவதற்கு என் விரல் போகவே மாட்டேன் என்கிறது. கட்டைவிரலில் கொப்புளம். ஆனால் உன்னிடம் சொல்வதற்கு என்ன, படம் நன்றாகத்தான் இருக்கிறது. ஆள் உதைத்தால் உதைத்த மாதிரியே இருக்கிறது. நான் சொன்னதாக யாரிடமும் சொல்லாதே.

நீ சாப்பாடு கொண்டுவருகிற மத்தியானங்களில் நம் கடையில் ஆடுவாயே, ஞாபகம் இருக்கிறதா? ஆட்டம் ஆரம்பிக்கும் முன் உன் ஆளை மூணு தடவை உட்காரவைத்து எழுப்புவாய். பிள்ளையாருக்குத் தோப்புக்கரணம் என்பாய். பையன்கள் விழுந்து விழுந்து சிரிப்பார்கள். பிறகு வரிசையாக உன்னிடம் உதை வாங்குவார்கள். நீ இங்கே இருந்திருந்தால் அந்த மாஸ்டரோடு உன்னையே உட்காரவைத்திருப்பேன்.

அது நடக்காது. அதனால் நீ ஒரு உதவி செய். அவன் உன் வீட்டுப் பலகைக்குப் பின்னால்தானே உட்காருகிறான்? பார்த்திருப்பாய். யார், எப்படிப்பட்டவன், எங்கே அசருவான், எல்லாம் எழுது.

குணசேகரன்


சென்னீர்குப்பம்
14.3.1996

அண்ணனுக்கு,

மாஸ்டர் யார் என்று எழுத மாட்டேன். வயிற்றுப் பிள்ளை மேல் சத்தியம் வாங்கியிருக்கிறார்கள். நீதான் சத்தியத்தை மதிக்கிறவனாயிற்றே, புரிந்துகொள்வாய். எங்கே அசரும் என்பதைச் சொல்லக்கூடாது என்று யாரும் சத்தியம் வாங்கவில்லை. எழுதிக்கொள்.

மாஸ்டர் இடது பக்கம் நின்றால் நன்றாக ஆடும். வலது பக்கம் துரத்தினால் தடுமாறும். கீழே காலை வாரினால் முதல் தடவை தப்பிக்கும், ரெண்டாம் தடவையும் தப்பிக்கும், மூணாவது தடவை மேலே குதிக்கும். அந்த நேரம் அடி. ஆத்திரப்பட்டுக் கிட்டே போகாதே, கிட்டே வருகிறவனை மாஸ்டர் விடாது. நீ எப்போதும் கிட்டே போகிற ஆள்.

ஆறு மணிக்கு மேல் ஆடு. அதற்குள் மாஸ்டருக்குக் கால் மரத்துப்போயிருக்கும். முதுகு பிடித்துக்கொள்ளும். ஆட்டத்தின் நடுவில் உள்ளேயிருந்து உதைத்தால் ஒரு நொடி கவனம் போய்விடும். அந்த ஒரு நொடி உனக்குப் போதும்.

இன்னொன்று. நீங்கள் கலர் டிவியில் பார்ப்பீர்கள். பலகைக்குப் பின்னால் இருப்பது பழைய கறுப்பு வெள்ளை டிவி, சின்னது. நெருப்பு விடுகிற இடங்களில் மாஸ்டருக்குச் சரியாகத் தெரியாது.

இதெல்லாம் எனக்கு எப்படித் தெரியும் என்று யோசிக்காதே. நீ யோசிக்கிற ஆளும் இல்லை. ஜெயித்தால் போதும். பெட்டியில் ரெண்டு புடவை மடித்து வைத்துவிட்டேன். ஒன்பதாம் மாசம் பிறக்கப் போகிறது. அம்மாவைப் பச்சைக் கண்ணாடி வளையலாக வாங்கச் சொல்.

லோகநாயகி


அம்பத்தூர்
2.4.1996

லோகா,

ஊருக்கே தெரியும் நான் தோற்றது. ஆனால் எப்படித் தோற்றேன் என்று உன்னைத் தவிர யாருக்குத் தெரியும்? இருந்தாலும் எழுதுகிறேன். யாரிடமாவது சொல்லியாக வேண்டும்.

அரை லாரி பையன்கள் வந்தார்கள். உன் புருஷன் சொன்னபடி டிவியைத் திருப்பி வைத்திருந்தான். ரோட்டில் ஸ்டூல். முதுகுக்குப் பின்னால் பெங்களூர் லாரி ஒவ்வொன்று போகும்போதும் சட்டை பறந்தது. நான் வெள்ளை உடுப்பு ஆள், மாஸ்டர் சிவப்பு உடுப்பு ஆள். முதல் ரவுண்டில் என்னைத் துவைத்துக் காயப்போட்டாய். ரெண்டாவது ரவுண்டில் நீ எழுதியபடியே வலது பக்கம் துரத்தி, மூணு தடவை காலை வாரினேன். நீ எழுதியபடியே குதித்தாய், அடித்தேன், ஜெயித்தேன். நம் பையன்கள் என்னைத் தோளில் தூக்கப் பார்த்தார்கள். அப்போதும் எனக்கு உறைக்கவில்லை. எழுதி வைத்தபடியே ஒருவன் ஆடுகிறானே என்றுகூடத் தோன்றவில்லை. நான் யோசிக்கிற ஆள் இல்லைதான்.

மூணாவது ரவுண்டு. மணி அடித்ததும் சிவப்பு ஆள் என்னை அடிக்க வரவில்லை. நின்ற இடத்திலேயே உட்கார்ந்து எழுந்தான். ஒன்று. ரெண்டு. மூன்று.

அது நீதான் லோகா. ஒன்பது மாச வயிற்றோடு நீ அந்தப் பலகைக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கிறாய், நான் உன்னைக் காலால் உதைத்துக்கொண்டிருக்கிறேன். அடிக்காதே அண்ணா என்று நீ கெஞ்சுகிற மாதிரி இருந்தது. கை வரவில்லை. நீயும் அடிக்கவில்லை. ரெண்டு ஆளும் எதிரெதிரே சும்மா நின்றார்கள். கடிகாரம் இறங்கிக்கொண்டே வந்தது. கூட்டம் கத்துகிறது, உன் புருஷனுக்கு ஒன்றும் புரியவில்லை. கடைசி நாலு நொடி இருக்கும்போது ஒரு உதை விட்டாய். அதோடு நேரம் முடிந்தது, அந்த ஒரு அடி கூடுதலாக வாங்கியதால் தோற்றவன் நான்.

ஸ்டூலை எடுத்து ஜம்பு மண்டையில் போட்டிருப்பேன். உள்ளே பாய்ந்து பலகையைப் பிடுங்கியிருப்பேன். ரெண்டும் செய்யவில்லை. சத்தியம் காலைக் கட்டியதா, கூட்டத்தைப் பார்த்துப் பயந்தேனா என்று தெரியவில்லை. ஒரே வார்த்தை சொல்லியிருந்தால் போதும், உன் புருஷன் கடை அன்றைக்கே காலி. சொல்லவில்லை. சொன்னால் உன் பேர் கெடும். ஒரு வருஷமாக ஊர் ஆம்பளைகளோடு மறைந்திருந்து விளையாடியவள் என்பார்கள். அந்தப் பேச்சு பிள்ளை பிறந்த பிறகும் போகாது. அதனால் வாயை மூடிக்கொண்டு வந்துவிட்டேன். அம்மாவிடமும் சொல்லவில்லை. சாகிற வரைக்கும் சொல்ல மாட்டேன்.

பந்தயப்படி அடுத்த வாரம் இங்கே கறுப்பு மெஷின் வருகிறது. துலுக்கானமும் மற்றவர்களும் கடைப்பக்கம் வருவதை நிறுத்திவிட்டார்கள். வளையல் வாங்கி வைத்தது அப்படியே இருக்கிறது. என்னால் ஆனது இவ்வளவுதான். உடம்பைப் பார்த்துக்கொள்.

குணசேகரன்


சென்னீர்குப்பம்
5.4.1996

அண்ணா,

சிவப்பா?

ஒரு வருஷமாக என் ஆள் உடுப்பு சாம்பல் நிறம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். உன் கடிதத்தைப் படித்துத்தான் தெரிந்துகொண்டேன். அந்த வரியையே நாலு தடவை படித்தேன்.

முதலில் உன்னைத் திட்டிவிடுகிறேன். மடையா, தோப்புக்கரணம் போட்டது அடிக்காதே என்று கெஞ்சுவதற்கா? நான்தான் உட்கார்ந்திருக்கிறேன், தயங்காமல் அடி, என்னை அழைத்துக்கொண்டு போ என்று சொல்வதற்கு. வாயால் சொல்லக்கூடாது என்றுதானே சத்தியம்? கையால் சொன்னேன். நீ கல்லுப் பிள்ளையார் மாதிரி நின்றுவிட்டாய். பலகைக்குப் பின்னால் உட்கார்ந்து, அடி அண்ணா, அடி அண்ணா என்று முணுமுணுத்துக்கொண்டே இருந்தேன். லாரிச் சத்தத்தில் எனக்கே கேட்கவில்லை.

இப்போது என்னைத் திட்டிக்கொள்கிறேன். தோற்பதற்குத்தான் உட்கார்ந்தேன். பெட்டி தயார், வாசலில் செருப்பைக்கூட எடுத்துவைத்திருந்தேன். கடைசியில் கூட்டத்தில் எவனோ, "மாஸ்டர் பயந்துட்டான்டா, அவ்ளோதான் மாஸ்டர்" என்றான். கை கேட்கவில்லை அண்ணா. ஒரே உதை. அப்புறம் எல்லோரும் மாஸ்டர் மாஸ்டர் என்று கத்தினார்கள். ஒரு நிமிஷம் எனக்குச் சந்தோஷமாக இருந்தது, பொய் சொல்ல மாட்டேன். அந்த நிமிஷம் முடிந்ததும் பலகையைப் பார்த்தேன், ஜன்னலைப் பார்த்தேன், லாரி ஷெட் சுவரைப் பார்த்தேன். எனக்கு நானே பூட்டுப் போட்டுக்கொண்டேன் என்று புரிந்தது. அன்றைக்கு ராத்திரி உன் மச்சான் எனக்கு ஜிலேபி வாங்கி வந்தார்.

என் பேர் கெடும் என்று எழுதியிருக்கிறாய். எந்தப் பேர்? இந்த ஊரில் எனக்கு ஏது பேர்? ஷட்டருக்கு வெளியில் நான் ஜம்பு ஊட்டுக்காரி. உள்ளே மாஸ்டர். அந்த மாஸ்டரும் ஆம்பளை என்றுதான் எல்லோரும் நினைக்கிறார்கள். நேற்று ஒரு பையன் பலகைக்கு அந்தப் பக்கம் நின்று, "மாஸ்டர் அண்ணாத்தே, உங்க கைய ஒரு தபா காட்டுங்க, தொட்டுக் கும்பிட்டுக்கிறேன்" என்றான். நான் மூச்சுக்கூட விடாமல் உட்கார்ந்திருந்தேன். லோகநாயகி என்று யாராவது என்னைக் கூப்பிட்டுக் கேட்டு எத்தனை நாள் ஆகிறது தெரியுமா? பேபி அக்காகூட இன்னாம்மே என்றுதான் கூப்பிடுகிறாள். நீ வாயை மூடிக்கொண்டு வந்தது என்னைக் காப்பாற்றத்தான், எனக்குத் தெரியும். ஆனால் இந்தப் பலகைக்கு நீயும் ஒரு ஆணி அடித்துவிட்டுப் போனாய்.

அதனால் சொல்லிவிடு அண்ணா. நான் யாரிடமும் சொல்லவில்லை, என் சத்தியம் அப்படியே இருக்கிறது. நீயாகக் கண்டுபிடித்தாய். நீ சொல்லலாம்.

பதினாலாம் தேதி ஞாயிற்றுக்கிழமை. மத்தியானம் ஷட்டர் இறங்கியிருக்கும்போது வராதே. சாயந்திரம் ஆறு மணிக்குக் கூட்டம் நிறைந்திருக்கும்போது வா. துலுக்கானத்தையும் மற்றவர்களையும் கூப்பிட்டுக்கொண்டு வா, அவர்களும் தெரிந்துகொள்ளட்டும் யாரிடம் தோற்றார்கள் என்று. அம்மா கையில் வளையல் இருக்கட்டும். ரோட்டில் ஸ்டூல் போட்டு உட்காராதே, படி ஏறு. கறுப்பு மெஷினை உன் கடையிலேயே வைக்கப் போகிறாய், கற்பூரம் எப்போதோ அணைந்துவிட்டது. உள்ளே வந்து, பலகைக்கு முன்னால் நின்று, எல்லோருக்கும் கேட்கிற மாதிரி, "லோகநாயகி, ஒன்ன இட்டுகினு போவ வந்துகீறேன்" என்று சொல். பேர் சொல்லிக் கூப்பிடு. மாஸ்டர் என்று கூப்பிட்டுவிடாதே.

உன் மச்சான் குதிப்பார். குதிக்கட்டும். நீ பதில் பேசாதே, சண்டை போடாதே. ஆட்டத்தைப் பாதியில் விட்டுவிட்டு நானே வெளியில் வருவேன். எழுந்திருக்கக் கொஞ்ச நேரம் ஆகும். கால் மரத்துப்போயிருக்கும். அதுவரைக்கும் அங்கேயே நின்றுகொண்டிரு.

லோகநாயகி